டிராஃப்ட் தேர்வின் மதிப்பு எதில் இருக்கிறது? டெட்ராய்ட் லயன்ஸ் அணியைக் கொண்டு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல். போட்டிகளில் 32 அணிகள் ஆடுகின்றன. கல்லூரிகளில் ஆடித் தேறிய இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாத இறுதியில் மூன்று நாள்கள், முறை வைத்து ஒருவர்பின் ஒருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விநோதமாகத் தோன்றும். ஏலத்தில் ஒரு வீரர் யாருக்கு என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. டிராஃப்ட்டில் அதை வரிசை தீர்மானிக்கிறது. தன் முறை வரும்போது ஓர் அணி ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால், அவரோடு ஒப்பந்தம் போடும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே உண்டு. வேறு அணி கூடுதல் சம்பளம் காட்டி அவரை இழுத்துக்கொள்ள முடியாது.

முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. தொடரின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் வென்ற அணிக்கு 32ஆவது வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள் நடக்கின்றன. பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது. முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் நடந்தது. அன்று முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல். தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தேர்வின் இடத்துக்கும் வீரரின் பிற்கால வாழ்வுக்கும் உத்தரவாதமான தொடர்பு எதுவும் கிடையாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வோர் அணிக்கும் விமர்சகர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்த மதிப்பெண்களை நம்பித் தொடங்குவது இயல்புதான். ஆனால் ஒரு தேர்வின் மதிப்பு அந்த வீரரின் திறமையில் மட்டும் இல்லை. அவருக்காக அணி எதைக் கொடுத்தது, அவர் எத்தனை ஆண்டுகள் எவ்வளவு குறைந்த சம்பளத்தில் ஆடுவார், 53 பேர் கொண்ட பட்டியலில் அவர் எந்த ஓட்டையை அடைக்கிறார் என்பவற்றில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இதை விளக்க நான் நேசிக்கும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மோசமான டிராஃப்ட் ஓர் அணியை எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளும் என்பதையும், நல்ல டிராஃப்ட் எவ்வளவு விரைவில் மேலே தூக்கும் என்பதையும் இந்த ஒரே அணி காட்டியிருக்கிறது.

லயன்ஸ் கடைசியாக வாகை சூடியது 1957இல். சூப்பர் போல் ஆட்டத்துக்கு அந்த அணி ஒருமுறைகூட முன்னேறியதில்லை. 1957க்குப் பிறகு 2022 பருவம் முடியும் வரை பிளே-ஆஃப் சுற்றில் அதற்குக் கிடைத்த வெற்றி ஒன்றே ஒன்று. அது 1992 ஜனவரியில் டல்லாஸ் அணிக்கு எதிராக வந்தது. இந்த வறட்சியின் நடுவில், 2000களின் தொடக்கத்தில், டிராஃப்ட் மேசையில் நடந்ததை ஒவ்வொரு ரசிகரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2003இல் இரண்டாவது தேர்வாகச் சார்ல்ஸ் ராஜர்ஸ், 2004இல் ஏழாவது தேர்வாக ராய் வில்லியம்ஸ், 2005இல் பத்தாவது தேர்வாக மைக் வில்லியம்ஸ் என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றில் வைட் ரிசீவர்களையே, அதாவது தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களையே, அணி நிர்வாகம் எடுத்தது. ராஜர்ஸுக்கு அடுத்த தேர்வாக ஹூஸ்டன் எடுத்த ஆண்ட்ரே ஜான்சனும், மைக் வில்லியம்ஸுக்கு அடுத்த தேர்வாக டல்லாஸ் எடுத்த டிமார்கஸ் வேரும் பிற்காலத்தில் புரோ கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். 2007இல் நான்காவது ரிசீவராக வந்த கால்வின் ஜான்சன் மட்டும் அந்த மண்டபத்துக்குப் போகும் தரத்தில் அமைந்தார். ஆனால் அவருக்குப் பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் தாக்குதல் வரிசையிலும், எதிரணியைத் தடுக்கும் தற்காப்பிலும் ஆள் இல்லை. 2008 பருவத்தில் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. 16 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அப்படித் தோற்ற முதல் அணி அதுவே.

பட்டியல் எப்படி உருவாகிறது

இங்கே ரோஸ்டர் எனப்படும் வீரர் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடைக்காலப் பயிற்சியில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் இறுதியில் அந்த எண்ணிக்கை 53ஆகக் குறைக்கப்பட வேண்டும். நீக்கப்பட்டவர்களில் சிலர் பயிற்சிக் குழுவில் சேர்க்கப்படுவார்கள். அங்கே பொதுவாக 16 இடங்கள் உண்டு. தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு 11 பேர், உதைப்பவர்கள் முதலான சிறப்புக் குழுவினர் என்று கழித்துப் பார்த்தால், மிஞ்சும் மாற்று வீரர்களின் எண்ணிக்கை அதிகமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் யாராவது காயம் அடையும் இந்த விளையாட்டில் அந்த மாற்று வீரர்கள்தான் டிசம்பர், ஜனவரி மாதங்களில் களத்தில் நிற்கிறார்கள்.

இந்தப் பட்டியலுக்குச் செலவிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதை சேலரி கேப் என்கிறார்கள். 2024இல் அது ஓர் அணிக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர்; 2025இல் 27 கோடியே 92 லட்சம் டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்த வரம்பைக் கடந்து போக வழியில்லை. போனஸ் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதிச் சுமையைத் தள்ளிப்போடலாமே தவிர, முற்றிலும் தவிர்க்க முடியாது.

டிராஃப்ட்டின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் விளங்கும். 2011ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, தேர்வான வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கானது. அதன் தொகை அவர் எந்த இடத்தில் தேர்வானார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமாகிவிடுகிறது. முதல் சுற்றில் தேர்வானவர்களை மட்டும் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. ஆகவே நான்காம் சுற்றில் கிடைத்த ஒருவர் தொடரின் மிகச் சிறந்த ரிசீவராக ஆடினாலும், பெரும்பாலும் நான்காம் சுற்றுக்குரிய சம்பளத்தைத்தான் பெறுவார்.

லயன்ஸ் அணியின் அமான்-ரா செயின்ட் பிரவுன் இதற்கு மிகச் சிறந்த சான்று. 2021 டிராஃப்ட்டில் 112ஆவது இடத்தில் அவர் தேர்வானார். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் தேர்வாகியிருந்தார்கள். அந்த 16 பேரின் பெயரையும், அவர்களை எடுத்த அணிகளையும் அவர் வரிசை மாறாமல் ஒப்பிப்பதைப் பேட்டிகளில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, தெளிவாக, முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்வார். முதல் ஒப்பந்தக் காலத்தில் அவர் பெற்றது ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 10 லட்சம் டாலர்தான். 2023 பருவத்தில் அவர் ஆல்-புரோ முதல் அணியில், அதாவது அந்தப் பருவம் முழுவதற்குமான சிறந்த வீரர்களின் பட்டியலில், இடம்பெற்றார். 2024 ஏப்ரலில் லயன்ஸ் அவருடன் போட்ட புதிய நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 12 கோடி டாலர். அதாவது ஆண்டுக்கு மூன்று கோடி. அதே ஆட்டத்தை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மூன்று கோடிக்கும் பெறுவதற்கு இடையே உள்ள வேறுபாடுதான் ஒரு நல்ல டிராஃப்ட் தேர்வு அணிக்கு ஈட்டித் தரும் இலாபம். அந்த இலாபத்தைக் கொண்டுதான் மற்ற இடங்களுக்கு அனுபவசாலிகளை வாங்க முடிகிறது.

ஸ்டாஃபர்டைக் கொடுத்து வாங்கியவை

2021 ஜனவரியில் ஜெனரல் மேனேஜராகப் பிராட் ஹோம்ஸும் தலைமைப் பயிற்சியாளராக டேன் கேம்பலும் பொறுப்பேற்றார்கள். அவர்கள் செய்த முதல் பெரிய காரியம், 2009இல் முதல் தேர்வாக வந்து பன்னிரண்டு பருவங்கள் ஆடிய குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்குக் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபும், 2021இன் மூன்றாம் சுற்றுத் தேர்வும், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளும் கிடைத்தன.

எதிர்காலத் தேர்வுகளை வாங்கும்போது அவை எந்த இடத்தில் விழும் என்பது யாருக்கும் தெரியாது. ராம்ஸ் அடுத்த பருவத்திலேயே ஸ்டாஃபர்டைக் கொண்டு சூப்பர் போல் வென்றது. அதனால் 2022 தேர்வு 32ஆவது இடத்தில் வந்தது. அதற்கடுத்த பருவத்தில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்ததால் 2023 தேர்வு ஆறாவது இடத்துக்கு உயர்ந்தது.

அணிகள் தேர்வு இடங்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும்போது எது நியாயமான விலை என்பதை அறிய, 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான புள்ளி அட்டவணை இன்றும் பேச்சில் இருக்கிறது. அதன்படி முதல் இடத்துக்கு 3000 புள்ளிகள், ஆறாவது இடத்துக்கு 1600, பன்னிரண்டாவது இடத்துக்கு 1200, 32ஆவது இடத்துக்கு 590. இப்போது 2022இல் ஹோம்ஸ் செய்ததைக் கூட்டிப் பாருங்கள். 32, 34, 66 ஆகிய இடங்களை மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குக் கொடுத்து 12, 46 ஆகிய இடங்களை வாங்கினார். கொடுத்தது 590, 560, 260 எனக் கூட்டினால் 1410. வாங்கியது 1200, 440 எனக் கூட்டினால் 1640. மேலே ஏறுகிற அணிதான் வழக்கமாகக் கூடுதல் விலை கொடுக்கும். இங்கே அதே வட்டாரப் பிரிவைச் சேர்ந்த எதிரணி குறைந்த விலைக்கு விட்டுக்கொடுத்தது. அந்த 12ஆவது இடத்தில் ஜேம்சன் வில்லியம்ஸ் வந்தார். முழங்கால் காயத்தோடு வந்த அவர் முதல் பருவத்தில் பெரும்பகுதி ஆடவில்லை. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் சூதாட்ட விதிமீறலுக்காக நான்கு ஆட்டங்கள் தடைபட்டார். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவரைத் தோல்வித் தேர்வு என்று எழுதியவர்கள் ஏராளம். 2024 பருவத்தில் அவர் பிடித்த பந்துகள் 1001 யார்டுகளைத் தந்தன.

ஜேம்ஸ் ஹூஸ்டனுக்கு நேர்மாறாக நடந்தது. 2022இல் 217ஆவது இடத்தில் வந்த அவர் முதல் பருவத்தில் ஏழே ஆட்டங்களில் எதிரணிக் குவாட்டர்பேக்கை எட்டு முறை பந்தோடு வீழ்த்தினார். அவரைக் கொண்டாடாத ரசிகர் டெட்ராய்ட்டில் இல்லை. அடுத்த பருவத்தில் காயம். 2024 நவம்பரில் அணி அவரை விடுவித்துவிட்டது. ஒரு டிராஃப்ட்டை மூன்று பருவங்கள் முடிவதற்குள் எடைபோடக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்பதற்கு இந்த இருவருமே காரணம்.

2023: சர்ச்சையான முதல் சுற்று

ஹோம்ஸின் தேர்வுகளில் மிகுதியாக விவாதிக்கப்பட்டவை 2023இல் வந்தவை. ஆறாவது இடத்தையும் 81ஆவது இடத்தையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய இடங்களை வாங்கினார். பழைய அட்டவணைப்படி இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். பிறகு 12ஆவது இடத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸை எடுத்தார். ரன்னிங் பேக் என்பவர் பந்தை ஏந்திக்கொண்டு எதிரணியின் ஊடே ஓடுபவர். அடுத்து 18ஆவது இடத்தில் அயோவாவின் லைன்பேக்கர் ஜாக் கேம்பலை எடுத்தார். லைன்பேக்கர் தற்காப்பின் நடு வரிசையில் நின்று ஓட்டத்தைத் தடுப்பவர்.

விமர்சகர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இதைத் தொடக்க வாசகர்கள் விளங்கிக்கொள்வது அவசியம். என்.எஃப்.எல். சம்பளச் சந்தையில் குவாட்டர்பேக், அவரைக் காக்கும் டேக்கிள், அவரைத் துரத்தும் விளிம்புத் தற்காப்பாளர், வைட் ரிசீவர், கார்னர்பேக் ஆகிய இடங்களுக்கு விலை அதிகம். ரன்னிங் பேக்குக்கும் நடு லைன்பேக்கருக்கும் விலை குறைவு. விலை அதிகமுள்ள இடத்துக்கு மலிவான இளைஞரைப் பிடித்தால் மிச்சமாகும் தொகை பெரிது. ஏற்கனவே மலிவான இடத்துக்குப் பிடித்தால் மிச்சம் சிறிது. அதிலும் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் சிகாகோவிலிருந்து டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை லயன்ஸ் வாங்கியிருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

நான் அந்த விமர்சனத்தில் பாதியை மட்டும் ஏற்கிறேன். 2025 ஜனவரி 5ஆம் தேதி ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் லயன்ஸும் வைக்கிங்ஸும் மோதின. இரண்டும் 14 வெற்றிகளோடு வந்திருந்தன. வென்ற அணிக்குப் பிரிவுப் பட்டமும், மாநாடு (கான்ஃபரன்ஸ்) எனப்படும் தொடரின் ஒரு பாதியில் முதலிடமும், தோற்ற அணிக்கு ஐந்தாம் இடமும் என்ற நிலை. முழங்கால் காயத்தால் மான்ட்கோமரி அன்று ஆடவில்லை. கிப்ஸ் நான்கு முறை டச்டவுன் அடித்தார், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தார். மூன்று ஓடி, ஒன்று பிடித்து. லயன்ஸ் 31–9 என்று வென்றது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஓடிய தொலைவு 1412 யார்டுகள். அவர் அடித்த டச்டவுன்கள் மொத்தம் 20. இருவரில் ஒருவர் ஆடம்பரம் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, பருவத்தின் மிக முக்கியமான இரவில் அணியைக் காப்பாற்றியது.

எனினும் ஏற்க வேண்டிய மறுபாதி உண்டு. லயன்ஸ் ஆறாவது இடத்திலேயே நின்றிருந்தால், ஒன்பதாவது இடத்தில் பிலடெல்பியா எடுத்த தற்காப்பு டேக்கிள் ஜேலன் கார்ட்டரை எடுத்திருக்கலாம். தாக்குதல் வரிசையின் நடுவைத் தனியாளாகக் குலைக்கும் அவர் பிலடெல்பியாவின் சூப்பர் போல் வெற்றியில் பங்கேற்றவர். 12ஆவது இடத்தில் கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸும் இருந்தார். 17ஆவது இடத்தில் அவரை நியூ இங்கிலாந்து எடுத்துக்கொண்டது. கார்னர்பேக் என்பவர் எதிரணி ரிசீவரை நிழல்போலத் தொடர்ந்து தடுப்பவர். லயன்ஸுக்கு அந்த இடத்தில் இருந்த குறை தீராததால்தான், அடுத்த ஆண்டு 29, 73 ஆகிய இடங்களை டல்லாஸுக்குக் கொடுத்து 24ஆவது இடத்துக்கு ஏறி டெரியன் ஆர்னல்டை எடுக்க வேண்டிவந்தது. ஆகவே, ரன்னிங் பேக்கை எடுத்தது தவறா என்று கேட்பதைவிட, அதை எடுத்ததால் அடுத்த ஆண்டு எதற்கு விலை கொடுக்க நேர்ந்தது என்று கேட்பது நம்மைச் சரியான கணக்குக்கு அழைத்துச் செல்லும்.

அந்தக் கணக்கிலும் 2023 எனக்கு நிறைவு தருவதற்குக் காரணம் இரண்டாம் சுற்று. பண்டமாற்றில் வந்த 34ஆவது இடத்தில் சாம் லபோர்ட்டா வந்தார். டைட் எண்ட் என்ற இடம், காப்பதும் பந்து பிடிப்பதும் ஆகிய இரண்டு வேலைகளையும் கேட்பது. இளைஞர்கள் அதில் தேற வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். லபோர்ட்டா முதல் பருவத்திலேயே 86 பந்துகளைப் பிடித்து, அந்த இடத்தில் ஆடும் புதுமுகங்களுக்கான சாதனையை முறியடித்தார். 45ஆவது இடத்தில் வந்த பிரையன் பிராஞ்ச், கன்சாஸ் சிட்டியில் நடந்த தன் முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்த, அந்த அணியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை அள்ளி 50 யார்டுகள் ஓடி டச்டவுன் அடித்தார். லயன்ஸ் அன்று 21–20 என்று வென்றது. வெற்றியின் வித்தியாசம் ஒரு புள்ளி.

அந்தப் பருவத்தின் பலன்களை ஒவ்வொரு ரசிகரும் அறிவார். 12 வெற்றி, 5 தோல்வி. முப்பது ஆண்டுகளில் முதல் பிரிவுப் பட்டம். 2024 ஜனவரியில் பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் எதிரே வந்ததோ ஸ்டாஃபர்டின் ராம்ஸ். அவருக்குப் பதிலாக வந்த காஃப் இந்தப் பக்கமும், அவர் அந்தப் பக்கமுமாக ஆடிய அந்த ஆட்டத்தை லயன்ஸ் 24–23 என்று வென்றது. மாநாட்டு இறுதியில் இடைவேளையின்போது 24–7 என்று முன்னிலையில் இருந்தும் சான் பிரான்சிஸ்கோவிடம் 34–31 என்று தோற்றது இன்றும் வலிக்கிறது.

நல்ல தேர்வுகள் விலை உயரும்போது

வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. 2021இல் ஏழாவது தேர்வாக வந்த டேக்கிள் பெனே சூவல், தொடரின் மிகச் சிறந்த தாக்குதல் வரிசை வீரர்களில் ஒருவர் என்ற நிலையை எட்டியபின், 2024இல் நான்கு ஆண்டுகளுக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். காஃபுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 21 கோடியே 20 லட்சம். 2022இல் இரண்டாவது தேர்வாக வந்த, டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய விளிம்புத் தற்காப்பாளர் ஏடன் ஹட்சின்சனுக்கு 2025இல் நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி. இவர்களில் யாரையும் விட்டுவிடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. எல்லாரும் அந்தத் தொகைக்குத் தகுதியானவர்கள். ஆனால் 2021, 2022 தேர்வுகளின் மலிவுக் காலம் முடிந்துவிட்டதால், 2024, 2025 தேர்வுகள் அந்த மலிவு வேலைக்காரர்களை மீண்டும் தந்தாக வேண்டும் என்பதுதான் இன்றைய பட்டியலின் நெருக்கடி.

2024 பருவம் இதைக் கண்முன் நிறுத்தியது. அக்டோபரில் டல்லாஸில் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. ஐந்து ஆட்டங்களில் ஏழரை சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) என்று அவர் தொடரிலேயே முன்னணியில் இருந்த நேரம் அது. மறுவிளிம்பில் அவருக்கு இணையாக டிராஃப்ட் வழியாக வளர்க்கப்பட்ட ஒருவர் இல்லாததால், பருவத்தின் நடுவே கிளீவ்லாந்திலிருந்து ஸாடேரியஸ் ஸ்மித்தை வாங்க வேண்டியிருந்தது. டிசம்பரில் தற்காப்பு டேக்கிள் அலிம் மெக்நீலும் முழங்கால் காயத்தால் போனார். 15 வெற்றி, 2 தோல்வியுடன் முதலிடம் பெற்ற அணி, சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் 45 புள்ளிகளை விட்டுக்கொடுத்துத் தோற்றது. களமிறங்கும் முதல் 11 பேரை நோக்கியே ரசிகர்கள் டிராஃப்ட்டைப் பார்க்கிறார்கள். அந்த ஜனவரி ஆட்டத்தைத் தீர்மானித்ததோ பட்டியலின் 30ஆவது முதல் 53ஆவது ஆள் வரையானவர்கள்.

இந்த இடத்தில்தான் ஹோம்ஸோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு வருகிறது. அவர் தனக்குப் பிடித்த ஒருவரைக் கண்டுவிட்டால் நடு வரிசைத் தேர்வுகளை அள்ளிக்கொடுத்து மேலே ஏறுகிறார். 2023இல் மூன்று தேர்வுகளைக் கொடுத்து 96ஆவது இடத்துக்கு ஏறித் தற்காப்பு டேக்கிள் பிராட்ரிக் மார்ட்டினை எடுத்தார். அவர் இரண்டு பருவங்களில் ஆடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே. 2024இல் 2025ஆம் ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து 126ஆவது இடத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, இன்னும் பக்குவப்படாத டேக்கிள் ஜியோவானி மனுவை எடுத்தார். 2025இல் 102ஆவது இடத்தோடு 2026ஆம் ஆண்டின் இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து 70ஆவது இடத்துக்கு ஏறி ரிசீவர் ஐசக் டெஸ்லாவை எடுத்தார். மூன்று முறையும் செலவானது மூன்றாம், நான்காம், ஐந்தாம் சுற்றுத் தேர்வுகள். அதாவது செயின்ட் பிரவுன், மெக்நீல், கெர்பி ஜோசப் போன்றவர்கள் கிடைத்த அதே பகுதி. மூன்றாம் சுற்றில் 97ஆவது இடத்தில் வந்த ஜோசப், 2024 பருவத்தில் ஒன்பது பந்துகளை இடைமறித்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றவர். அந்த வயலில் இவ்வளவு விளைச்சல் கண்டவர் விதைநெல்லை இப்படிச் செலவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2025இன் முதல் இரண்டு தேர்வுகளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மெக்நீல் அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்தார், அதே இடத்தில் ஆடிய டி.ஜே. ரீடரின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்தது. ஆகவே 28ஆவது இடத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் தற்காப்பு டேக்கிள் டைலிக் வில்லியம்ஸை எடுத்தது, விளிம்புத் தற்காப்பாளரை எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றம் தந்தாலும், காரணமுள்ள தேர்வு. 57ஆவது இடத்தில் ஜார்ஜியாவின் டேட் ராட்லெட்ஜை எடுத்தது அதைவிடத் தொலைநோக்கானது. அடுத்த சில வாரங்களில், ஜூன் மாதத்தில், அணியின் தூணாக இருந்த சென்டர், அதாவது தாக்குதல் வரிசையின் நடுவில் நிற்பவர், ஃபிராங்க் ராக்னோ ஓய்வை அறிவித்தார். தாக்குதல் வரிசையின் உட்பகுதி முழுவதையும் மாற்றியமைக்க வேண்டிய அந்த நேரத்தில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு இடத்துக்கு ஒரு புதுமுகம் கையிருப்பில் இருந்தது பெரிய ஆறுதல். இருந்தும் அந்த வரிசை பழைய உறுதியை எட்டவில்லை. 2025 பருவத்தில் லயன்ஸ் 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது.

அடுத்த டிராஃப்ட்டைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு நான் ஒரு வழி சொல்வேன். வீரர்களின் கல்லூரிக் காணொளிகளைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் அணியின் 53 பேரில் யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஆளில்லாத இடத்தைவிட, இரண்டு ஆண்டுகள் கழித்து ஆளில்லாமல் போகப்போகிற இடத்துக்குத்தான் தேர்ந்த நிர்வாகிகள் பெரும்பாலும் தேர்வு செய்கிறார்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் இரவில் புரியாத தேர்வு காலையில் புரியும். ஒரு வீரருக்காகப் பண்டமாற்று நடந்திருந்தால், கொடுக்கப்பட்ட இடங்களில் மற்ற அணி யாரை எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். டெஸ்லாவைப் பற்றிய என் தீர்ப்பும் அப்படித்தான் வரும். உயரமும் வேகமும் உள்ள அவர் நல்ல ரிசீவராகத் தேறினால் மகிழ்வேன். ஆனால் அவருடைய பெயருக்கு எதிரே, 2026இல் லயன்ஸ் இழந்த அந்த இரண்டு மூன்றாம் சுற்று இடங்களில் வந்தவர்கள் 2028 பருவத்தின் முடிவில் எப்படி ஆடுகிறார்கள் என்பதையும் வைத்துப் பார்த்த பிறகே கணக்கை முடிப்பேன்.